விடுமுறையில் பகல் முழுக்கத் தனியா இருக்கப்போற 14 வயசுப் பையன்: வீட்டு வேலையை எப்படிப் பழக்குறது?

வாசல்விளக்கு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். என் மகனுக்கு 14 வயசு. இன்னும் நாலு வாரத்துல பள்ளி விடுமுறை, மொத்தம் ஆறு வாரம். ஒவ்வொரு விடுமுறைக்கும் என் அம்மா வந்து கூட இருப்பாங்க. இந்தத் தடவை அவங்களுக்கு முட்டி அறுவை சிகிச்சை, வர முடியாது. நானும் கணவரும் காலை எட்டுக்குக் கிளம்பினா வீடு திரும்ப ஆறரை ஆகிடும். பத்து மணி நேரத்துக்கு மேல அவன் மட்டும்தான்.

பக்கத்து வீட்ல நம்பிக்கையானவங்க இருக்காங்க, ஒரு குரல் கொடுத்தா வந்துடுவாங்க. அதனால தனியா விடுறதுல எனக்குப் பெரிய பயம் இல்லை. என் கவலை வேற. போன சனிக்கிழமை "பாத்திரம் கழுவி வச்சிடுப்பா"ன்னு சொல்லிட்டு வெளியே போனேன். வந்து பார்த்தா தொட்டி பளிச்சுனு இருக்கு. ஆனா அடுப்பு மேல அடிப்பிடிச்ச வாணலி அப்படியே இருக்கு, மேசையில மூணு டம்ளர், ஜன்னல் ஓரத்துல ஒரு தட்டு. கேட்டா, "தொட்டியில இருந்ததைத்தானே சொன்னீங்க?"ங்கிறான். திமிரா சொல்லலை, நெசமாவே அப்படித்தான் நினைச்சிருக்கான். சொன்னதைச் செய்வான், ஒரு குறையும் சொல்ல முடியாது. சொல்லாதது அவன் கண்ணுக்கே தெரியறதில்லை.

இப்ப 17 வேலை போட்டு ஒரு பட்டியல் எழுதி வச்சிருக்கேன். அதை ஒட்டிட்டுப் போனா போதுமா? இந்த நாலு வாரத்துல என்ன பழக்கலாம்? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

ரெண்டுமகன்அப்பா எழுதியது:

சகோதரி, பட்டியல் நானும் போட்டேன். மூத்தவனுக்கு அப்ப 15. ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தா சமையலறைத் தரை முழுக்கத் தண்ணி. தொட்டிக்கு அடியில இருக்கிற குழாய் இணைப்பு லேசா விட்டிருக்கு. பையன் அன்னிக்குப் பட்டியல்ல இருந்த எல்லாத்துக்கும் டிக் போட்டிருந்தான், "கூடம் பெருக்கு" உட்பட. தண்ணியைத் தாண்டித் தாண்டிப் போய் வந்திருக்கான். "யாராவது வந்து பார்ப்பாங்கன்னு நினைச்சேன்"னான். வீட்ல இருந்ததே அவன் ஒருத்தன்தான்.

அன்னிக்குத்தான் எனக்கு உறைச்சது. வேலை செய்யத் தெரியறது வேற, வீட்டைப் பார்த்துக்கத் தெரியறது வேற. நாம முதலாவதை மட்டும் சொல்லிக் கொடுத்துட்டு ரெண்டாவது தானா வரும்னு நினைச்சுக்கிறோம்.

ரெண்டாவது மகனுக்கு முறையை மாத்தினேன். 17 துண்டு வேலை கொடுக்காம ஒரே ஒரு பொறுப்பை முழுசா ஒப்படைச்சேன். "துணியை மெஷின்ல போடு"ன்னு சொல்லலை, "துணி இனிமே உன்னுது"ன்னு சொன்னேன். அழுக்குக் கூடையில ஆரம்பிச்சு அலமாரியில போய்ச் சேர்ற வரைக்கும் அவன்தான். பாக்கெட்ல காகிதம் இருக்கான்னு பார்க்கிறது, புதுச் சிவப்புச் சட்டையைத் தனியா எடுக்கிறது, சோப்புத்தூள் தீர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே சொல்றது, எல்லாம் அதுக்குள்ள அடக்கம்.

முதல் வாரம் துவைச்ச துணியை ராத்திரி பூரா மெஷினுக்குள்ளயே விட்டுட்டான். காலையில மூடியைத் திறந்ததும் அடிச்ச நாத்தத்தை அவனே மோந்து பார்த்தான். மறுபடி துவைச்சான், நான் ஒரு வார்த்தை பேசலை. அதுக்கப்புறம் துணி உள்ளே கிடந்ததே இல்லை. உங்களுக்கு நாலு வாரம் இருக்கு. வாரத்துக்கு ஒரு பொறுப்பு, அதுக்கு மேல வேண்டாம்.

மூத்தவள் எழுதியது:

தப்பா நினைக்காதேம்மா. படிக்கிற பையனுக்கு இவ்வளவு எதுக்கு? காலையிலயே எல்லாத்தையும் செஞ்சு வச்சிட்டுப் போ, அவன் சாப்பிட்டுட்டுப் படிக்கட்டும். பொண்ணுன்னா தானா பழகிடும், பையனைப் போட்டு ஏன் இம்சை பண்ணணும்?

ஓய்வுபெற்ற_ஆசிரியை எழுதியது:

அம்மா, உங்க அக்கறை எனக்குப் புரியுது. ஆனா பொண்ணுக்குத் தானா வந்ததுன்னு நாம சொல்றது உண்மையில்லை. ஆறு வயசுலயிருந்து அவ கையில கொடுத்து வாங்கினது அது. 2016-ல யுனிசெஃப் ஒரு அறிக்கை வெளியிட்டது. 5 முதல் 14 வயசு வரைக்கும் உள்ள பெண்பிள்ளைங்க, அதே வயசுப் பையன்களைவிட 40 சதவீதம் அதிக நேரம் வீட்டு வேலையில செலவழிக்கிறாங்க, உலகம் முழுக்கக் கணக்குப் போட்டா ஒரு நாளைக்கு 16 கோடி மணி நேரம் கூடுதல்னு சொன்னது. அத்தனை மணி நேரப் பழக்கத்தைத்தான் நாம 'இயல்பு'ங்கிறோம். அந்தப் பழக்கம் கிடைச்சா பையனுக்கும் இதே கண் வரும். 34 வருஷம் வகுப்பறையில பார்த்ததை வச்சுச் சொல்றேன்.

வாசல்விளக்கு, இன்னொரு விஷயம். எந்த வயசுப் பிள்ளையை எவ்வளவு நேரம் தனியா விடலாம்ங்கிறதுக்கு சில இடங்கள்ல சட்டம் இருக்கு, சில இடங்கள்ல வழிகாட்டுதல் மட்டும் இருக்கு. உங்க இடத்துல என்னன்னு பார்த்துக்கோங்க.

தீக்காயப்பிரிவு_செவிலி எழுதியது:

நான் தீக்காயப் பிரிவுல வேலை பார்க்கிறவள். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க. இந்த வயசுப் பிள்ளைங்க எங்ககிட்ட வரும்போது பெரும்பாலும் "அம்மா செய்யக் கூடாதுன்னு சொன்னாங்க"ன்னுதான் சொல்றாங்க. ஏன் கூடாதுன்னு கேட்டா தெரியறதில்லை. அதனால விதியோட காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்க.

எண்ணெய்ச் சட்டி தீப்பிடிச்சா தண்ணி ஊத்தக் கூடாது. ஏன்? தண்ணி எண்ணெயைவிட கனம், நேரா அடியில போகும். அங்க இருக்கிற சூட்டுல அந்த நொடியே ஆவியாகும். ஆவியானா கிட்டத்தட்ட 1,700 மடங்கு விரியும். அந்த வேகம் எரியிற எண்ணெயை மேலே கூரை வரைக்கும் தூக்கி எறியும். செய்ய வேண்டியது: கை எட்டினா அடுப்பை அணைக்கணும், மூடியைப் பக்கவாட்டுல இருந்து தள்ளி மூடணும், ஆறுற வரைக்கும் திறக்கக் கூடாது, சட்டியைத் தூக்கிட்டு ஓடக் கூடாது. தீ பெருசாயிடுச்சுன்னா கதவைச் சாத்திட்டு வெளியே வந்து அவசர எண்ணைக் கூப்பிடணும். இதை வாயால சொன்னா போதாது. அடுப்பு அணைஞ்சிருக்கும்போது காலிச் சட்டியை வச்சு, மூடியை எடுத்து, பத்துத் தடவை மூடச் சொல்லுங்க. அப்ப இன்னொண்ணும் தெரிஞ்சிடும்: அந்தச் சட்டிக்குப் பொருந்துற மூடி கைக்கெட்டுற தூரத்துல இருக்கா இல்லையான்னு.

சூடு பட்டுட்டா ஓடுற குழாய்த் தண்ணியில 20 நிமிஷம். ரெண்டு நிமிஷம் காட்டிட்டு வலி குறைஞ்சதும் கையை எடுத்துடுவாங்க, அது போதாது. மோதிரம், கைக்கடிகாரம் இருந்தா வீங்குறதுக்கு முன்னாடி கழட்டணும். ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டாம், எண்ணெய் வேண்டாம். துணி ஒட்டியிருந்தா பிய்க்கக் கூடாது. முகத்துல பட்டாலோ, கையிலயோ மூட்டுலயோ பட்டாலோ, அவன் உள்ளங்கையைவிடப் பெருசா இருந்தாலோ நேரா மருத்துவமனைதான்.

சுத்தம் பண்ற திரவங்களைப் பத்தி. வெளுக்கிற பிளீச்சையும் கழிவறை கழுவுற அமிலத்தையும் ஒண்ணா ஊத்தினா குளோரின் வாயு வரும், மூச்சுக்குழாயைப் பதம் பார்த்துடும். அம்மோனியா கலந்த கிளீனரோட பிளீச் சேர்ந்தாலும் நச்சு வாயுதான். ரெண்டும் சேர்ந்தா ரெட்டிப்பா வெளுக்கும்னு பிள்ளைங்க நினைக்கிறது சகஜம். நான் சொல்றது, கழிவறை கழுவுறதை நீங்க வீட்ல இருக்கிற நாளுக்கு வச்சுக்கோங்க. ஆழமான எண்ணெயில பொரிக்கிறதும் அப்படித்தான், ஆறு வாரம் அது இல்லாம இருக்கலாம்.

வாசல்விளக்கு எழுதியது:

இவ்வளவு பொறுமையா எழுதினதுக்கு ரொம்ப நன்றி. எங்க வீட்ல அந்தப் பெரிய சட்டிக்கு மூடியே பரண் மேலதான் இருக்கு! இன்னிக்கே இறக்கிட்டேன்.

சாப்பாடு பத்தி ஒரு சந்தேகம். காலையில ஏழு மணிக்குச் சமைச்சு மேசையில மூடி வச்சிட்டுப் போகலாம்னு இருந்தேன். மதியம் ஒண்ணரைக்குச் சாப்பிடுவான். சரிதானே? அப்புறம் கேஸ் வாசனை வந்தா என்ன செய்யணும்னு அவனுக்கு எப்படிச் சொல்றது?

தீக்காயப்பிரிவு_செவிலி எழுதியது:

ஆறரை மணி நேரம் ஆகுதேம்மா, வேண்டாம். சமைச்ச சாப்பாடு வெளியே ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுலதான் கிருமி வேகமா பெருகும். சின்னச் சின்ன டப்பாவுல போட்டுச் சீக்கிரம் ஆற வச்சு ஃபிரிட்ஜ்ல வைங்க. அவன் ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, நடுப்பகுதி வரைக்கும் ஆவி பறக்கிற மாதிரி சுட வைக்கட்டும். சாதத்துல கூடுதல் கவனம் வேணும். வேக வச்சாலும் சாகாத கிருமி வித்து அதுல உண்டு. வெளியே கிடந்தா அது விடுற நச்சு, மறுபடி சுட வச்சாலும் போகாது.

மின்பணியாளர் எழுதியது:

கேஸ் கேள்விக்கு நான் பதில் சொல்றேன். கேஸுக்குச் சொந்தமா வாசனை கிடையாது, கசிஞ்சா தெரியணும்னுதான் அந்த நாத்தத்தைச் சேர்க்கிறாங்க. சிலிண்டர் கேஸ் காத்தைவிட கனம், தரையோட படியும். குழாய் வழியா வர்ற இயற்கை எரிவாயு லேசு, மேலே போகும். எதுவா இருந்தாலும் சுவிட்சைத் தொடக் கூடாது. போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது, ரெண்டுலயும் பொறி வரும். வழியில கைக்கெட்டினா வால்வை மூடணும், கதவு ஜன்னலைத் திறக்கணும், வெளியே போயிடணும். போன் பேசுறது வெளியே போன பிறகுதான்.

இப்ப நான் ஒண்ணு கேட்கிறேன். உங்க வீட்டு மெயின் சுவிட்ச் எங்க இருக்குன்னு பையனுக்குத் தெரியுமா? தண்ணி மொத்தத்தையும் நிறுத்துற வால்வு? கேஸ் வால்வு எந்தப் பக்கம் திருகினா மூடும்? நான் வேலைக்குப் போற வீடுகள்ல பெரியவங்களுக்கே பாதிப் பேருக்குத் தெரியறதில்லை. விடுமுறை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இந்த மூணையும் அவன் கையாலயே மூடித் திறக்கணும். தண்ணி வால்வு வருஷக்கணக்கா திருகாம துருப்பிடிச்சு இறுகியிருக்கும். அது தண்ணி பீறிட்டு அடிக்கிற நாள்ல தெரியக் கூடாது, இப்பவே தெரியணும். ரெண்டுமகன்அப்பா சார் சொன்ன அந்தத் தண்ணிக் கதையில, பையனுக்கு அந்த வால்வைக் காட்டியிருந்தா அவன் தாண்டிப் போயிருக்க மாட்டான்னு எனக்குத் தோணுது.

மெயின் பெட்டியில கசிவு மின்சாரம் வந்தா தானா விழுற சுவிட்ச் இருந்தா, அதுல 'டெஸ்ட்'னு ஒரு பட்டன் இருக்கும். வீட்டுக்குப் போடுறது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் கசிஞ்சாலே விழுற வகை. மாசம் ஒரு தடவை அமுக்கிப் பார்க்கணும், உடனே விழணும். விழலைன்னா மாத்தணும். இந்த வேலையைப் பையன்கிட்டயே கொடுங்க, பிடிச்சுச் செய்வான்.

மிக்ஸி பிளேடைத் தொடுறதுக்கு முன்னாடி பிளக்கைப் பிடுங்கணும், சுவிட்சை அணைச்சா மட்டும் போதாது. இஸ்திரிப் பெட்டியை நீட்டிப்புப் பலகையில சொருக வேண்டாம், நேரா சுவர்ல.

பதினேழு எழுதியது:

வணக்கம் ஆன்ட்டி. எனக்கு 17. நான் 13-லயிருந்து விடுமுறையில தனியாதான் இருக்கேன். இங்க எல்லாரும் பெரியவங்க பக்கத்துல இருந்து பேசுறீங்க, அதனால எழுதலாம்னு தோணுச்சு.

முதல் வருஷம் அம்மா மணிக்கு ஒரு தடவை கூப்பிடுவாங்க. எடுக்கலைன்னா பக்கத்து வீட்டுக்குக் கூப்பிடுவாங்க. நான் எதையும் ஒழுங்கா முடிச்சதே இல்லை, எப்ப போன் வரும்னே இருக்கும். ரெண்டாவது வருஷம் ஒரு நாளைக்கு ரெண்டு நேரம்னு பேசி வச்சுக்கிட்டோம். எழுந்ததும் நான் ஒரு மெசேஜ், சாப்பிட்டதும் ஒண்ணு. அது நல்லா இருந்துச்சு.

காலை ஏழு மணிக்குள்ள இது செய்யணும்னு வைக்காதீங்க. இந்த வயசுல தூக்கம் வர்ற நேரமே தள்ளிப் போகும்னு எங்க உயிரியல் மிஸ் சொன்னாங்க, 8 முதல் 10 மணி நேரம் தூங்கணுமாம். "சாயங்காலம் அஞ்சுக்குள்ள முடிஞ்சிருக்கணும்"னு மட்டும் சொன்னா போதும், எப்பன்னு நாங்களே பார்த்துப்போம்.

அப்புறம் இது முக்கியம். நான் மடிச்சு வச்ச துணியை அம்மா வந்ததும் என் கண் முன்னாடியே பிரிச்சு மறுபடி மடிப்பாங்க. ஒண்ணும் திட்ட மாட்டாங்க. ஆனா மறுநாள் எனக்கு மடிக்கவே தோணாது.

இன்னொண்ணு, இதை யார்கிட்டயும் சொன்னதில்லை. 13 வயசுல ஒரு கண்ணாடி மூடியைச் சூடா எடுத்து ஈரமான மேடை மேல வச்சுட்டேன். பட்டுனு தெறிச்சு உடைஞ்சிடுச்சு. பொறுக்கும்போது உள்ளங்கை கிழிஞ்சது. புது மூடிங்கிறதால பயந்துபோய், கைக்குட்டையைக் கட்டிக்கிட்டு, உடைஞ்சதைப் பேப்பர்ல சுத்திப் பையில மறைச்சு வச்சேன். ரெண்டு நாள் அம்மாவுக்குத் தெரியாது. தெரிஞ்சப்ப காயம் சீழ் பிடிச்சிருந்துச்சு. அம்மா மூடியைப் பத்திக் கேட்கவே இல்லை. "வலிச்சப்ப என்னைக் கூப்பிட உனக்கு ஏன்டி பயம்?"னு மட்டும்தான் கேட்டாங்க, அழுதுட்டாங்க. ஆன்ட்டி, நீங்க வேற எதைச் சொல்லிக் கொடுத்தாலும் கொடுக்காட்டியும், என்ன உடைஞ்சாலும் திட்ட மாட்டேன்னு முன்னாடியே சொல்லிடுங்க. சொன்னபடி நடந்துக்கோங்க.

வாசல்விளக்கு எழுதியது:

கண்ணு, உன் பதிவை ரெண்டு தடவை படிச்சேன். அன்னிக்கு ராத்திரியே அவன்கிட்டச் சொல்லிட்டேன்மா.

ஞாயித்துக்கிழமை ஒரு ஒத்திகை பார்த்தோம். நான் வீட்ல இருப்பேன், ஆனா இல்லாத மாதிரி. கூடத்துல நாற்காலியைப் போட்டுப் புத்தகத்தோட உட்கார்ந்துட்டேன். உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் வாய் திறப்பேன்னு பேச்சு.

பதினோரு மணிக்குப் பாலை அடுப்புல வச்சிட்டுப் போனைப் பார்த்துக்கிட்டு நிக்கிறான். எனக்கு இங்கயிருந்தே அந்த ஓசை கேட்குது, பால் பொங்குறதுக்கு முன்னாடி பாத்திரத்தோட ஓரத்துல ஒரு சரசரப்பு வருமே, அது. நாக்கைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். பொங்கி வழிஞ்சு அடுப்பே அணைஞ்சிடுச்சு. ஆனா கேஸ் திறந்தபடியே இருக்கு. நான் எழுந்துட்டேன். அதுக்குள்ள அவன் திருகை மூடினான், ஜன்னலைத் திறந்தான். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து, "இப்ப என்னம்மா செய்யணும்?"னான். "நான் வீட்ல இல்லைப்பா"ன்னேன்.

ரெண்டு நிமிஷம் அப்படியே நின்னான். ஈரத்துணியை எடுத்து அடுப்புக்கிட்டக் கொண்டு போனான், ஆவி கையில அடிச்சதும் பின்வாங்கிட்டான். ஆறட்டும்னு காத்திருந்தான். அப்புறம் துடைச்சான், பர்னர் துளையில பால் அடைச்சிருக்கிறதைக் கண்டுபிடிச்சுக் குண்டூசியால குத்தி எடுத்தான். துளையில பால் அடைக்கும்னு இத்தனை வருஷத்துல நான் அவனுக்குச் சொன்னதே இல்லை. ஒவ்வொரு தடவையும் நானே துடைச்சுட்டேன், அவன் எப்படிப் பார்த்திருப்பான்?

மத்தியானம் உட்கார்ந்து 17 வேலைப் பட்டியலைக் கிழிச்சுட்டோம். சாப்பாடு சுட வைக்கிறதும் அடுப்படியும் ஒரு பொறுப்பு, துணி ஒரு பொறுப்பு, கதவு தாழ்ப்பாள் ஒரு பொறுப்பு. அவ்வளவுதான்.

தனித்தாய் எழுதியது:

கதவுன்னு சொன்னதால ஒண்ணு. மணி அடிச்சா யாரா இருந்தாலும் திறக்க வேண்டாம், "அப்பா அம்மா வீட்ல இல்லை"ன்னும் சொல்ல வேண்டாம். "இப்ப வர முடியாது, அப்புறம் வாங்க"ன்னா போதும். நான் வெளியே நின்னு குரலை மாத்திப் பேசி என் மகளுக்கு நாலஞ்சு தடவை பழக்கினேன். முதல் தடவை "அம்மா ஆபீஸ்ல இருக்காங்க, சாயங்காலம்தான் வருவாங்க"ன்னு மரியாதையா சொன்னாள். நாம கத்துக் கொடுத்த மரியாதைதான். அதை எங்க நிறுத்தணும்னும் நாமதான் சொல்லணும். உங்க நம்பர், பக்கத்து வீட்டு நம்பர், அவசர எண், வீட்டு முகவரி நாலையும் காகிதத்துல எழுதி ஒட்டுங்க. பதட்டத்துல சொந்த முகவரியே மறந்துபோகும்.

வாசல்விளக்கு எழுதியது:

விடுமுறை மூணாவது வாரம் ஓடுது. கேட்டவங்களுக்காக எழுதுறேன்.

எல்லாம் சரியா நடக்கலை. முதல் வாரம் ரெண்டு நாள் அவன் மதியம் சாப்பிடவே இல்லை, தட்டு கழுவணுமேன்னு. அதைப் பேசிச் சரி பண்ணினோம். துணி மடிக்கிறது கோணல்தான், நான் தொடறதில்லை. கணவர் ஒரு நாள் தன் சட்டையை எடுத்து மறுபடி மடிக்கப் போனாரு, நான் கண்ணைக் காட்டினேன், அப்படியே வச்சுட்டாரு. தண்ணி வால்வு மின்பணியாளர் அண்ணா சொன்ன மாதிரியே இறுகிக் கிடந்துச்சு. ஆள் வச்சு மாத்தியாச்சு, இப்ப மகன் ஒரு கையால மூடுறான். ஒரு தம்ளர் உடைஞ்சது. போன் பண்ணி முதல் வார்த்தையே, "கையில ஒண்ணும் படலைம்மா"ன்னான்.

ஃபிரிட்ஜ் கதவுல ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி வச்சிருந்தேன், தீர்ந்துபோன சாமானை எழுதுறதுக்கு. முந்தாநாள் ராத்திரி தண்ணி எடுக்கப் போனப்பப் பார்த்தேன். சோப்புத்தூளுக்குக் கீழ அவன் கையெழுத்துல ஒரு வரி: "பின்கதவு தாழ்ப்பாள் இறுகுது. எண்ணெய் விடணும்." நான் அதைச் சொன்னதில்லை. அந்தத் தாழ்ப்பாளைத் தினமும் தோளால இடிச்சுத்தான் நானே போடுவேன், ரொம்ப நாளா.

நேத்து ஒரு சின்ன எண்ணெய்ப் புட்டி வாங்கிட்டு வந்து தாளுக்குப் பக்கத்துல வச்சேன், எதுவும் சொல்லலை. இன்னிக்கு வேலை முடிஞ்சு வந்து பின்கதவைச் சாத்தினேன். விரலால தள்ளினதும் தாழ்ப்பாள் உள்ளே போயிடுச்சு.